சிறைப்படுத்தியவரின் கடன்: அமெரிக்க உள்ளூர்ச் சிறைகளும் மனநல மருத்துவமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைதாகும் ஒருவர் முதலில் கொண்டுசெல்லப்படும் இடம் உள்ளூர்ச் சிறை. தமிழ்நாட்டின் கிளைச் சிறைகளோடு ஓரளவு ஒப்பிடத்தக்க இதைப் பெரும்பாலும் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகம் நடத்துகிறது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஷெரிஃப் அதன் தலைவராக இருப்பது வழக்கம். நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநில அரசின் சிறைகளுக்கோ கூட்டாட்சி அரசின் சிறைகளுக்கோ அனுப்பப்படுகிறார்கள். உள்ளூர்ச் சிறையில் தங்குவோர் விசாரணையை எதிர்நோக்கியிருப்பவர்கள், ஜாமீன் கட்டப் பணம் இல்லாதவர்கள், சிறு குற்றங்களுக்காகச் சில மாதத் தண்டனை பெற்றவர்கள். நாடு முழுதும் ஏறத்தாழ 3,000 உள்ளூர்ச் சிறைகள் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டின் நடுவில் அவற்றில் சுமார் 6,63,000 பேர் இருந்தனர். அவர்களில் 70 விழுக்காட்டினர் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர்கள்.

இந்தச் சிறைகளில் அடைபடுவோரில் பெரும்பகுதியினர் மனநோயோடு வருகிறார்கள், அல்லது உள்ளே வந்தபின் மனம் குலைகிறார்கள். அவர்களுக்கு மருத்துவம் அளிக்கும் பொறுப்பு யாருடையது, அந்தப் பொறுப்பு எங்கிருந்து பிறக்கிறது, அது எவ்வளவு தூரம் நீள்கிறது என்பவை நிர்வாகக் கேள்விகளாக மட்டும் நிற்பதில்லை. ஒரு மனிதனைப் பூட்டி வைக்கும் சமூகம் அவனுக்கு எதைச் செய்யக் கடன்பட்டிருக்கிறது என்ற அறக் கேள்வி அவற்றின் அடியில் இருக்கிறது. சமயங்கள் அதற்கு ஒரு விடை சொல்கின்றன. தத்துவம் வேறு சில விடைகளை முன்வைக்கிறது. நீதிமன்றங்கள் ஒரு விடையைச் சட்டமாக்கியிருக்கின்றன.

சிறைக்குள் இருப்போர்

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2011–12-இல் நடத்திய ஆய்வில், உள்ளூர்ச் சிறைவாசிகளில் 44 விழுக்காட்டினர் தங்களுக்கு மனநலக் கோளாறு இருப்பதாக மருத்துவரோ மனநல வல்லுநரோ முன்பு எப்போதாவது சொல்லியிருப்பதாகத் தெரிவித்தனர். ஆய்வுக்கு முந்தைய 30 நாட்களில் கடுமையான மன உளைச்சலில் இருந்ததற்கான அளவுகோலை எட்டியவர்கள் 26 விழுக்காட்டினர். வெளியே வாழும் மக்களிடையே இதே அளவுகோலை எட்டுவோர் 5 விழுக்காட்டினர்தாம்.

நோயோடு வருபவருக்குச் சிறையின் முதல் நாட்களே மிகக் கடுமையானவை. கைதாகும் நேரத்தில் அவர் கையில் மாத்திரைகள் இருப்பதில்லை. இருந்தாலும் உடைமைகளோடு சேர்த்து வாங்கி வைக்கப்படும். வெளியே எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்தை உறுதிசெய்து, அதைச் சிறை மருத்துவர் மீண்டும் எழுதி, கைக்கு வந்து சேர்வதற்குள் நாட்கள் ஓடிவிடும். மனச்சிதைவு நோய்க்கும் இருதுருவ மனநோய்க்கும் தொடர்ந்து மருந்து எடுப்பவரிடம் இந்த இடைவெளியே நோயை மீண்டும் கிளப்பப் போதுமானது. மதுவுக்கோ போதை மருந்துக்கோ பழகியவருக்கு விடுபடும் வேதனை அதே நாட்களில் வருகிறது. விளக்கு அணையாத அறை, உறக்கமின்மை, வேலையும் வீடும் போய்விடும் என்ற பயம், குடும்பத்தின் முன் தலைகுனிவு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன.

இவற்றின் விளைவு இறப்புக் கணக்கில் தெரிகிறது. உள்ளூர்ச் சிறைகளில் நேரும் சாவுகளுக்குத் தனித்த பெருங்காரணம் தற்கொலை. 2019-இல் மட்டும் 355 பேர் இவ்வாறு இறந்தனர். அந்த ஆண்டு உள்ளூர்ச் சிறைகளில் நேர்ந்த மொத்தச் சாவுகளில் இது ஏறக்குறைய 30 விழுக்காடு. 2000 முதல் 2019 வரை இப்படி உயிரை மாய்த்துக்கொண்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் விசாரணைக் கைதிகள். சட்டத்தின் பார்வையில் நிரபராதிகளாகவே அவர்கள் இறந்தார்கள் என்பதை இந்தச் சிக்கல் பற்றிய எந்தச் சிந்தனையும் மறக்கக் கூடாது.

மருத்துவமனையிலிருந்து சிறைக்கு

மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது அமெரிக்காவில் புதிதாகத் தோன்றிய வழக்கமில்லை. 1841 மார்ச்சில் டொரோத்தியா டிக்ஸ் என்ற ஆசிரியை, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறையில் இருந்த பெண்களுக்கு ஞாயிறு வேதபாடம் நடத்தப் போனார். குற்றம் ஏதும் செய்யாத மனநோயாளிப் பெண்கள் கணப்பு இல்லாத அறையில் குளிரில் அடைபட்டிருந்ததை அங்கே கண்டார். சித்தம் கலங்கியவர்களுக்குக் குளிர் உறைக்காது என்று அவருக்குக் காரணம் சொல்லப்பட்டது. யூனிட்டேரியன் கிறித்தவ மரபில் தோய்ந்திருந்த டிக்ஸ், மனித ஆன்மாவின் மதிப்பை நோய் குறைப்பதில்லை என்ற நம்பிக்கையில் உறுதியானவர். அடுத்த ஈராண்டுகளில் மாநிலத்தின் சிறைகளையும் ஏழைகள் இல்லங்களையும் சுற்றிப் பார்த்து, 1843 ஜனவரியில் சட்டமன்றத்தின் முன் விரிவான முறையீடு ஒன்றை வைத்தார். கூண்டிலும் சங்கிலியிலும் கிடந்தவர்களின் நிலை அதில் இடம்வாரியாகப் பதிவாகியிருந்தது. அவருடைய முயற்சியால் பல மாநிலங்களில் மனநல மருத்துவமனைகள் எழுந்தன அல்லது விரிந்தன. மருத்துவமனைகளுக்காகக் கூட்டாட்சி அரசின் நிலங்களை ஒதுக்கும் சட்ட முன்வரைவு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. ஆனால் ஏழைகளுக்கு அறம் செய்வது கூட்டாட்சி அரசின் வேலையாகாது என்று கூறிக் குடியரசுத் தலைவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ் 1854-இல் அதைத் தடுத்துவிட்டார்.

டிக்ஸின் கனவில் பிறந்த மருத்துவமனைகளும் காலப்போக்கில் நிரம்பி வழிந்து, கவனிப்பாரற்ற கிடங்குகளாயின. 1955-இல் மாநில மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். அதே காலத்தில் குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் வந்தன; மருத்துவமனைகளின் கொடுமைகள் வெளியாயின; நோயாளிகளை ஊருக்குள்ளேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கை வளர்ந்தது. 1963-இல் குடியரசுத் தலைவர் கென்னடி சமுதாய மனநலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பெரிய மருத்துவமனைகள் சுருங்கின. அவற்றுக்கு மாற்றாக எழ வேண்டிய ஊர்சார் மையங்களோ திட்டமிட்ட அளவில் எழவில்லை. இன்று மாநில மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கை 40,000-க்கும் கீழே இறங்கிவிட்டது.

மருத்துவமனை இடம் குறையும்போது சிறையில் கூட்டம் பெருகும் என்ற கருத்தை பிரித்தானிய மனநல மருத்துவர் லயனல் பென்ரோஸ் 1939-லேயே ஐரோப்பிய நாடுகளின் கணக்குகளைக் கொண்டு முன்வைத்திருந்தார். அமெரிக்க அனுபவத்தை இது ஒன்றே முழுமையாக விளக்கிவிடாது. 1970-களுக்குப் பின் கடுமையான போதைப்பொருள் சட்டங்கள், பணம் கட்டினால்தான் ஜாமீன் என்ற நடைமுறை, மலிவான வாடகை வீடுகள் மறைந்தது ஆகியவையும் ஏழை நோயாளிகளைக் காவலர்களின் பாதையில் கொண்டுவந்து நிறுத்தின. தெருவில் படுப்பது, அனுமதியின்றி ஒரு கட்டடத்துக்குள் நுழைவது, பொது இடத்தில் கூச்சலிடுவது போன்றவையே பலர் மீதான குற்றச்சாட்டு. லாஸ் ஏஞ்சலிஸின் இரட்டைக் கோபுரச் சிறை, சிகாகோவின் குக் கவுண்டிச் சிறை, நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவு ஆகிய மூன்றும் நாட்டிலேயே அதிக மனநோயாளிகளை வைத்திருக்கும் இடங்களாகக் குறிப்பிடப்படும் நிலை இப்படித்தான் வந்தது. 2015-இல் குக் கவுண்டிச் சிறையின் தலைமைப் பொறுப்பு ஓர் உளவியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கடனின் மூன்று அடிப்படைகள்

சிறைப்பட்டவருக்கு மருத்துவம் அளிப்பதற்கான நியாயத்தை மூன்று வழிகளில் நிறுவலாம்: இரக்கம், சமூக நலன், பொறுப்பு.

இரக்கத்தின் வழி மிகப் பழையது. மத்தேயு நற்செய்தியின் இறுதித் தீர்ப்புக் காட்சியில், சிறையில் இருப்பவரைச் சென்று பார்ப்பது கடவுளுக்கே செய்த தொண்டாக எண்ணப்படுகிறது. சிறைப்பட்டோரை மீட்பதை அறங்களில் தலையானதாக யூத ஞானி மைமோனிடிஸ் வைத்தார். ஏழைக்கும் அனாதைக்கும் போலவே கைதிக்கும் உணவளிப்போரைக் குர்ஆன் போற்றுகிறது. அசோகரின் ஐந்தாம் பாறைக் கல்வெட்டு, தர்ம மகாமாத்திரர்கள் எனும் அதிகாரிகள் சிறைவாசிகளின் நலனையும் விடுதலையையும் கவனிக்க வேண்டும் என்கிறது. பௌத்த ஆசான் நாகார்ஜுனர் அரசன் ஒருவனுக்கு எழுதிய இரத்தினாவளி, கைதிகள் விடுபடும் வரை அவர்களுக்கு நீராடல், உணவு, மருந்து, உடை ஆகியவை குறைவின்றிக் கிடைக்கச் செய்யுமாறு அறிவுறுத்துகிறது. தமிழில் மணிமேகலைக் காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அமுதசுரபியோடு புகாரின் சிறைக்குள் நுழையும் மணிமேகலை அங்குள்ளோரின் பசியைத் தீர்ப்பதோடு நிற்கவில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றும்படி சோழனிடம் வேண்டிப் பெறுகிறாள். துன்புறுத்துவதற்கென்று அமைந்த ஓர் இடத்துக்குள் அன்பைக் கொண்டுபோவது மட்டும் போதாது, அந்த இடத்தின் இயல்பே மாற வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கதையில் இருக்கிறது.

இரக்கம் உயர்ந்தது, ஆனால் தனித்து நிற்கும்போது உறுதி குறைந்தது. கொடுப்பவர் மனம் மாறினால் அது நின்றுவிடும். மேலும், பார்க்கப் பாவமாக இருப்பவரிடம் அது எளிதில் பாய்கிறது. காவலரைத் திட்டுபவரிடமும், சுவரில் மலம் பூசுபவரிடமும், கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் முறைப்பவரிடமும் வற்றிவிடுகிறது. கடும் மனநோயின் அறிகுறிகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. யாருக்கு உதவி மிகவும் தேவையோ அவரிடமே இரக்கம் முதலில் சோர்ந்துபோகிறது.

சமூக நலன் பற்றிய வாதம் பயன்பாட்டுவாதிகளுடையது. குணமடைந்து வெளியேறுபவர் மீண்டும் சிறைக்கு வருவது குறையும், செலவு மிச்சமாகும், ஊர் பாதுகாப்பாக இருக்கும் என்று அது சொல்கிறது. ஆட்சியாளர்களை இணங்கவைக்க இந்த வாதம் உதவும். ஆனால் மருத்துவம் செய்தும் குணமாகாதவர், எந்தப் பயனையும் திருப்பித் தர இயலாதவர் என்ன ஆவார் என்ற கேள்வியின் முன் அது தடுமாறுகிறது. பயன் இல்லாத இடத்தில் கடமையும் இல்லை என்ற முடிவுக்கு அது கதவைத் திறந்து வைக்கிறது. ஒவ்வொரு மனிதனும் தன்னளவிலேயே நோக்கம், பிறருடைய பயனுக்கான கருவியாக மட்டும் அவனைக் கொள்ளக் கூடாது என்ற காண்ட்டின் அறக்கோட்பாடு அந்தக் கதவை அடைக்கிறது.

மூன்றாவது அடிப்படையான பொறுப்பே மிக வலுவானது. வெளியே இருக்கும் ஒருவர் நோய் வந்தால் மருத்துவரைத் தேடிப் போகலாம், மருந்துக் கடைக்கு நடக்கலாம், நண்பரைக் கூப்பிடலாம், தாங்க முடியாத இடத்தை விட்டு விலகலாம். பூட்டிய கணத்தில் அரசு இந்த வழிகள் எல்லாவற்றையும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டவரே ஈடு செய்ய வேண்டும். அவர் நல்லவரா கெட்டவரா, குணமாகக் கூடியவரா, நன்றி சொல்வாரா என்ற கேள்விகள் இங்கே எழுவதில்லை. பூட்டு இருக்கும் வரை கடனும் இருக்கிறது. அது கொடை ஆகாது, கணக்கைச் சரிசெய்வது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் வந்தடைந்த இடமும் இதுவே. 1976-இல் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு, சிறைவாசியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே புறக்கணிப்பது அரசியல் சாசனத்தின் எட்டாம் திருத்தம் தடைசெய்யும் கொடிய தண்டனை என்றது. தன் தேவைகளுக்குச் சிறை அதிகாரிகளையே சிறைவாசி நம்பியிருக்க வேண்டியிருப்பது அதன் அடிப்படை. அடுத்த ஆண்டில் பௌரிங் எதிர் காட்வின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, உடல் நோய்க்கான மருத்துவ உரிமைக்கும் மன நோய்க்கான உரிமைக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை என்று தீர்த்தது. 1979-இல் பெல் எதிர் உல்ஃபிஷ் வழக்கு, விசாரணைக் கைதியை எந்த வகையிலும் தண்டிக்கக் கூடாது என்ற நெறியை வகுத்தது. 1989-இன் டிஷேனி வழக்கு இதே கோட்பாட்டின் மறுபக்கத்தைக் காட்டியது. பொதுவாகக் குடிமக்களைத் தீங்கிலிருந்து காக்கும் சாசனக் கடமை அரசுக்கு இல்லை, ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாகக் காவலில் வைக்கும்போதுதான் அது பிறக்கிறது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

இதில் வேதனையான ஒரு முரண் இருக்கிறது. சுதந்திரமாகத் தெருவில் திரியும் மனநோயாளிக்கு மருத்துவ உரிமை இல்லை; கைதானதும் அவருக்கு அது கிடைக்கிறது. பொறுப்பு என்ற அடிப்படை சிறைக்குள் இருப்பவரின் உரிமையை உறுதியாக நிறுவுகிறது. ஆனால் அவர் சிறைக்கு வராமலே காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதை அதனால் மட்டும் சொல்ல முடியாது. அதற்கு இரக்கமும் பொதுநல நோக்கும் மீண்டும் தேவைப்படுகின்றன.

நல்லெண்ணம் செய்த கேடு

சமய நம்பிக்கை சிறைச் சீர்திருத்தத்துக்கு வழிகாட்டிய வரலாற்றில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது என்று நம்பிய குவேக்கர்கள் எனும் கிறித்தவப் பிரிவினர், சவுக்கடியையும் தூக்குமேடையையும் வெறுத்தார்கள். அவர்களின் செல்வாக்கில் பிலடெல்பியாவில் 1790-இல் வால்நட் தெருச் சிறையில் தனி அறைகள் எழுந்தன. 1829-இல் கிழக்கு மாநிலச் சிறை திறக்கப்பட்டது. அங்கே ஒவ்வொருவரும் விவிலியத்தோடும் கைத்தொழிலோடும் தனியறையில் அடைக்கப்பட்டார். மனித முகம் காணாத அமைதியில் மனச்சாட்சி விழித்து மனந்திரும்புதல் நிகழும் என்பது எதிர்பார்ப்பு.

நிகழ்ந்தது வேறு. 1842-இல் அங்கு சென்ற சார்லஸ் டிக்கன்ஸ், இந்த முறையை உருவாக்கியவர்களின் நல்லெண்ணத்தை ஐயப்படாமலே, மனத்தின்மீது நடத்தப்படும் இந்தச் சித்திரவதை உடலை வதைப்பதைவிடக் கொடியது என்ற முடிவுக்கு வந்தார். 1890-இல் உச்ச நீதிமன்றமும் மெட்லி வழக்கில், தனிமைச் சிறையின் பழைய அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து, பலர் உணர்விழந்த நிலைக்குப் போனதையும், சிலர் வெறிபிடித்ததையும், சிலர் தற்கொலை செய்துகொண்டதையும் பதிவுசெய்தது.

குவேக்கர்களின் கோட்பாட்டில் பிழை எங்கே இருந்தது என்பது ஆராயத்தக்கது. ஆன்மா தனக்குத் தானே போதுமானது, பிற மனிதரின் தொடர்பை நீக்கினால் அது தூய்மையடையும் என்று அவர்கள் கருதினார்கள். துறவி தானே தேர்ந்துகொள்ளும் தனிமையும், பூட்டினால் திணிக்கப்படும் தனிமையும் ஒன்றே என்று எண்ணிவிட்டார்கள். முதலாவதை ஒருவர் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். அந்த உரிமையே அவரைத் தாங்கி நிற்கிறது. மனிதனின் மனம் பிறரோடு பேசியும் பிறரால் பார்க்கப்பட்டும்தான் தன் நிலையில் நிற்கிறது. இந்த உண்மையை அறியாத கருணை கொட்டடியாக முடிந்தது.

பிழை முழுதாக நீங்கிவிடவுமில்லை. தற்கொலை எண்ணம் சொல்பவரை ஆடை களைந்து, கிழிக்க முடியாத முரட்டுத் துணி ஒன்றைப் போர்த்தி, வெற்று அறையில் தனியே விடும் வழக்கம் பல சிறைகளில் இருந்துவருகிறது. உயிரைக் காக்கும் நோக்கில் செய்யப்படும் இந்த ஏற்பாடு, உதவி கேட்டதற்கான தண்டனையாகக் கைதிக்குத் தோன்றுகிறது. அதைக் கண்ட மற்றவர்கள் தங்கள் எண்ணங்களை வெளியே சொல்ல அஞ்சுகிறார்கள். 2015-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், 15 நாட்களுக்கு மேல் தொடரும் தனிமைச் சிறையைத் தடைசெய்கின்றன. தனிமையால் நிலை மோசமாகும் மனநோயாளிகளை அதில் வைப்பதையும் தடுக்கின்றன.

சம்மதமும் வற்புறுத்தலும்

மருத்துவம் அளிக்கும் கடன் இருக்கிறது என்றால், வேண்டாம் என்பவருக்கும் அதைக் கொடுக்கலாமா என்ற கேள்வி வருகிறது. மனநல மருத்துவர் தாமஸ் சாஸ் 1961-இல் வெளியிட்ட நூலில் மனநோய் என்பதே ஒரு தொன்மம் என்று வாதிட்டார். விலகி நடப்போரை மருத்துவத்தின் பெயரால் அடக்குவதற்கு அது கருவியாகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. மனச்சிதைவு நோயின் துன்பத்தை அருகில் கண்டவர்கள் அந்த வாதத்தை முழுதும் ஏற்பது அரிது. ஆனால் பூட்டிய இடத்தில் மருத்துவரின் கையில் குவியும் அதிகாரம் பற்றிய அவருடைய அச்சம் நியாயமானது.

1990-இல் வாஷிங்டன் எதிர் ஹார்ப்பர் வழக்கில், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கும் சிறைவாசிக்கு, அவருடைய மருத்துவ நலனுக்கு உகந்ததாக இருந்தால், உரிய விசாரணைக்குப் பின் விருப்பத்துக்கு மாறாக மருந்து கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2003-இன் செல் வழக்கு இன்னும் நுட்பமான நிலையை எடுத்துக்கொண்டது. தன்மீதான குற்றச்சாட்டைப் புரிந்துகொள்ளவும் வழக்கறிஞருக்கு உதவவும் இயலாதவரை விசாரிக்கக் கூடாது என்பது 1960-இன் டஸ்கி வழக்கு உறுதிசெய்த நெறி. அப்படியானால் விசாரணைக்குத் தகுதியாக்குவதற்காகவே ஒருவருக்கு வலிந்து மருந்து கொடுக்கலாமா? மிகக் குறுகிய நிபந்தனைகளோடு கொடுக்கலாம் என்றது நீதிமன்றம்.

இங்கே மருத்துவத்தின் நோக்கமே கலங்குகிறது. மருந்து நோயாளியின் நலனுக்காகவா, அவரைத் தண்டிக்கக் காத்திருக்கும் நடைமுறையின் வசதிக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம் இது. சம்மதம் பெறுவதில் எடுக்கும் பொறுமையும், மறுத்தால் தண்டனை வராது என்ற உறுதியும், முடிவெடுப்பவர் சிறை அதிகாரியாக இல்லாமல் இருப்பதும் இந்த மயக்கத்தைக் குறைக்கின்றன, முழுதாக நீக்குவதில்லை.

விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று கண்டறியப்பட்டவர்களின் நிலை தனித்த அநீதி. அவர்களை மாநில மருத்துவமனைக்கு மாற்ற வேண்டும். படுக்கை காலியாகும்வரை உள்ளூர்ச் சிறையிலேயே வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் காத்திருக்கிறார்கள். குணமாகும் வாய்ப்பே இல்லாதவரை இந்தக் காரணத்தால் காலவரையின்றி அடைத்து வைக்கக் கூடாது என்று 1972-இன் ஜாக்சன் எதிர் இண்டியானா தீர்ப்பு சொன்னது. 2015-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ட்ரூபிளட் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றம் இந்த மாற்றத்துக்கு ஏழு நாள் வரம்பு விதித்தது. மாநிலம் அதை நிறைவேற்றத் தவறியபோது அபராதங்கள் விதிக்கப்பட்டன. சிறு குற்றத்துக்காகக் கைதான நோயாளி, குற்றம் நிறுவப்பட்டிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட நீண்ட காலத்தைக் காத்திருப்பிலேயே கழிக்க நேர்வதும் உண்டு.

சிறை மருத்துவமனை ஆகலாமா?

சிறைக்குள் மருத்துவத்தை மேம்படுத்துவது வெளிப்படையான நன்மை போலத் தோன்றுகிறது. அதை ஐயுறுவோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய காரணங்கள் கவனத்துக்குரியவை.

முதலாவது, இடத்தின் இயல்பு. மனநல மருத்துவம் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. நோயாளி தன் உள்ளத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும்; சொன்னது தனக்கு எதிராகத் திரும்பாது என்று அவர் நம்ப வேண்டும். சிறை கண்காணிப்பின்மேல் நிற்கிறது. பேச்சு அறைக்கதவின் உணவுத் துவாரம் வழியே நடக்கிறது. அடுத்த அறைகளுக்கும் கேட்கிறது. மருத்துவர் இரண்டு எசமானர்களுக்குப் பணிசெய்ய வேண்டியிருக்கிறது. ஒருவரைத் தனிமையில் வைக்கலாமா என்று சிறை நிர்வாகம் அவரிடம் கேட்கும்போது, நோயாளிக்குத் தீங்கு செய்யாமை என்ற தொழிலறமும் சிறையின் ஒழுங்கும் மோதுகின்றன. மருத்துவ முடிவுகளை மருத்துவப் பணியாளரே எடுக்க வேண்டும், சிறைப் பணியாளர் அவற்றை மீறக் கூடாது என்று மண்டேலா விதிகள் வலியுறுத்துவது இதனால்தான்.

இரண்டாவது, பழகிப்போகும் ஆபத்து. சிறையில் நல்ல மனநலப் பிரிவு இருக்கிறது என்றால், கைது செய்வதே மருத்துவம் கிடைக்கச் செய்யும் வழி என்று காவலரும் நீதிபதியும் சில வேளை குடும்பத்தாருமே எண்ணத் தொடங்குவார்கள். ஊரில் மருத்துவ மையம் திறக்க வேண்டிய பணம் சிறைக் கட்டடத்துக்குப் போகும். குணமடைவதற்கு விலையாகக் குற்றப் பதிவை ஏற்க வேண்டும் என்ற நிலை உருவாகும். அந்தப் பதிவு பின்னர் வேலையையும் வீட்டையும் தடுக்கும். கடும் மனநோய் உள்ளவர்களின் நிலை சிறையில் மோசமாகும் என்றால் அவர்களைச் சிறையில் வைக்கவே கூடாது, மனநல மருத்துவ இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று மண்டேலா விதிகளின் 109-ஆம் விதி சொல்கிறது. இந்தியாவிலும் 1993-இல் ஷீலா பார்சே வழக்கில், குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

இந்த எதிர்வாதங்கள் வலுவானவை என்றாலும், இன்று உள்ளே இருப்பவருக்கு மருத்துவத்தை மறுப்பதற்கு அவை காரணமாகா. நாளை வரப்போகும் சீர்திருத்தத்துக்காக இன்று ஒருவரைத் துன்பத்தில் விடுவது, அவரைக் கருவியாக்குவதே. இரண்டு கடமைகளும் ஒரே வேரில் பிறந்தவை. பூட்டியவர் உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டும். நோயின் காரணமாக மட்டும் உள்ளே வந்தவரைப் பூட்டியதற்கே விடை சொல்லவும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் கடன் பாதிதான் தீரும்.

கடனை நிறைவேற்றும் வழிகள்

உள்ளே வந்த சில மணி நேரத்துக்குள் பயிற்சி பெற்ற ஒருவர், தனி இடத்தில், தற்கொலை எண்ணம், முந்தைய நோய், எடுக்கும் மருந்து, போதைப் பழக்கம் ஆகியவற்றைக் கேட்டறிவது முதல் படி. வெளியே எடுத்துவந்த மருந்தை இடைவெளியின்றித் தொடர்வது இரண்டாவது. ஆபத்தில் இருப்பவரை வெற்று அறையில் தனியே விடாமல், மனிதர் ஒருவர் தொடர்ந்து பார்த்தும் பேசியும் இருப்பது மூன்றாவது. குவேக்கர் அனுபவம் கற்றுத் தந்த பாடம் இந்த மூன்றாவதில் அடங்கியிருக்கிறது.

விடுதலைக்குப் பிந்தைய நாட்கள் சிறையின் முதல் நாட்களைப் போலவே ஆபத்தானவை. உள்ளூர்ச் சிறையிலிருந்து விடுதலை பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி, சில வேளை நள்ளிரவில் நிகழ்கிறது. 1965-இல் ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டைத் தொடங்கிய சட்டமே, சிறையில் இருக்கும் காலத்துக்குக் கூட்டாட்சி அரசின் பணம் கிடையாது என்றும் விதித்தது. தண்டிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் இதுவே நிலை. அதனால் பலர் காப்பீடு நின்றுபோன நிலையில் வெளியே வருகிறார்கள். 2023 ஜனவரியில் கலிபோர்னியா முதல் மாநிலமாக இதற்குத் தளர்வு பெற்றது. விடுதலைக்கு முந்தைய 90 நாட்கள் வரை குறிப்பிட்ட மருத்துவச் சேவைகளுக்குக் காப்பீடு செல்ல அது வழிவகுத்தது. கையில் மருந்தும், அடுத்த மருத்துவரைப் பார்க்கும் நாளும், படுக்க ஓர் இடமும் இல்லாமல் ஒருவரை வெளியே அனுப்புவது, உள்ளே செய்த மருத்துவத்தையும் வீணாக்கும்.

கடனின் மற்றப் பாதி சிறைக்கு வெளியே நிறைவேற வேண்டியது. 1988-இல் டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், மனநோய் நெருக்கடிகளைக் கையாளத் தனிப் பயிற்சி பெற்ற காவலர் குழு உருவானது. மனநோயாளி ஒருவரைக் காவலர்கள் சுட்டுக் கொன்ற துயரத்துக்குப் பின், குடும்பத்தாரும் மருத்துவரும் காவல்துறையும் சேர்ந்து அதை அமைத்தனர். 2000-இல் மயாமி-டேட் கவுண்டியில் நீதிபதி ஸ்டீவன் லைஃப்மன் தொடங்கிய திட்டம், சிறு குற்றங்களுக்காகக் கைதான நோயாளிகளைச் சிறையிலிருந்து மருத்துவத்துக்குத் திருப்புவதோடு, கைதே நிகழாமல் தவிர்க்கவும் காவலர்களைப் பழக்கியது. சிறைக் கூட்டம் குறைந்து, கவுண்டி ஒரு சிறையை மூட முடிந்தது. 2022 ஜூலையில் 988 என்ற மூன்றிலக்க எண் நாடு முழுதும் மனநெருக்கடி உதவிக்கென்று செயல்படத் தொடங்கியது. காவலரை அழைக்காமலே உதவி கேட்க அது ஒரு வழி.

இவை பரவ வேண்டிய அளவுக்கு இன்னும் பரவவில்லை. பயிற்சி பெற்ற காவலரும் நோயாளியை எங்கே கொண்டுசெல்வது என்று திகைத்தால், அவருக்குத் திறந்திருக்கும் கதவு சிறையாகவே இருக்கும். அந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டிய மருத்துவ மையத்தையும், அதன்பின் நோயாளி வாழ வீட்டையும் அமைப்பது முழுச் சமூகத்தின் பொறுப்பு. சிறைச் சாவி ஷெரிஃப்பின் இடுப்பில் தொங்கினாலும், வரி கொடுத்தும் வாக்களித்தும் அதைச் செய்து கொடுத்தவர்கள் கவுண்டியின் மக்கள். உள்ளே அடைபட்டவரின் மனம் அவர்கள் காவலில் இருக்கிறது; அது குலையாமல் காப்பதும், காக்க இயலாத இடத்துக்கு அதை அனுப்பாதிருப்பதும் அவர்கள் கடன்.